பெயர்க் கட்டம்

ஈசாஃப்யோர்தூரில் ஜனவரியில்
வெயில் என்பது கேள்விப்பட்ட சரக்கு.
மீன் பதனிடும் கூடத்தின் ஓய்வறையில்
நான்கு பேர், ஒரு வரைபடம்,
இருபது முகப் பகடை,
காய்ந்த மீனும் வெண்ணெயும்.
கதையை நடத்துபவள் நான், பெர்க்லியோத்.
என் அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
எல்லோருடைய விதியும் பென்சிலில் இருக்கிறது.

கேத்தில்தான் முதலில் முடித்தான்.
அவன் சொந்தப் பெயருக்குக் கொப்பரை என்று பொருள்.
நாற்பது வருடம் கொப்பரையாக இருந்தவனுக்கு
ஓநாயும் வேண்டும், ஈட்டியும் வேண்டும்.
உல்ஃப்கெய்ர், என்றான். குரல்கூடத் தடித்துவிட்டது.
ஸ்டெய்ன்வோர் அண்டங்காக்கையோடு போரை ஒட்டினாள்:
ஹ்ராஃப்ன்ஹில்டூர்.
"சம்பளப் பிரிவில் அந்தப் பெயரில் ஒருத்தி இருக்கிறாளே."
"அவளைப் பார்த்துத்தான் வைத்தேன்."

சோல்வியின் தாளில்
வலிமை ஏழு, ஓட்டம் பதினேழு,
தொழில் படகுத் திருட்டு.
பெயர்க் கட்டம் மட்டும் வெள்ளையாக.

பிறந்த குழந்தைக்கே எங்கள் நாட்டில்
ஆறு மாதம் தவணை உண்டு.
நான் ஒரு காபி ஆறும் நேரம் கொடுத்தேன்.

கரடி வைத்துக்கொள், என்றோம்.
"இவன் கரடியைக் கண்டால் ஓடுகிறவன்."
கல்?
"படகில் ஏறுகிறவனுக்கா?"
எழுதினான், அழித்தான்,
தாள் அந்த இடத்தில் மெலிந்துபோனது.
"கொப்பரை காலியாகத்தான் கிடக்கிறது, எடுத்துக்கொள்"
என்றான் கேத்தில்.

பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான்:
ஓஃபெய்கர்.

பழைய சொல்.
ஃபெய்கர் என்றால் நாள் குறிக்கப்பட்டவன்,
சாவு அவன் வீட்டு நடையில்
காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கிறது.
முன்னால் ஓர் ஓ போட்டால் போதும்,
அது மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.
சாகாவரம் பெற்றவன் என்றில்லை,
அந்த வீறாப்பு இதில் கிடையாது.
இன்றைக்கு இல்லை. அவ்வளவுதான்.

மேசை கொஞ்சம் அடங்கியது.

சோல்வி பனிவாரி வண்டி ஓட்டுகிறவன்.
சரிவு இறங்கும் மலையடியில்
பாதையைத் திறந்து வைக்கிற வேலை.
போன பிப்ரவரியில்
அவன் வண்டிக்கு நாற்பது அடி பின்னால்
மலை இறங்கி வந்ததை
அவன் எங்களிடம் சொன்னதில்லை.
சாலைத்துறை அறிக்கையில் படித்தோம்.
படித்ததை நாங்களும் அவனிடம் சொன்னதில்லை.

என் குறிப்பேட்டில், முதல் குகையில்,
ஒரு பனிப்பாலம் உடைவதாக இருந்தது.
படகுத் திருடன் விழுவான்.
மற்ற இருவருக்கும் பழிவாங்க ஒரு சாவு வேண்டுமே;
இரண்டு இரவு கண்விழித்துக் கட்டியது.

தடுப்புக்குள் பகடையை உருட்டினேன்.
எண்ணைக் குறித்துக்கொண்டேன்.
"பாலம் முனகுகிறது," என்றேன்.
"தாங்குகிறது."
ஸ்டெய்ன்வோர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அதன்பிறகு கதை நொண்டியது.
பழிவாங்க எவரும் இல்லாமல் உல்ஃப்கெய்ர்
முக்கால் மணி நேரம்
ஒரு வாத்து வியாபாரியோடு பேரம் பேசினான்.
ஓஃபெய்கர் அந்த வாத்தைத் திருடினான்.
இந்தக் குளிர்காலத்தில் நாங்கள்
அவ்வளவு சிரித்ததில்லை.

பதினொன்றரைக்குச் சோல்வியின் போன் மின்னியது.
மலைப்பாதை மூடிக்கொண்டது,
அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று நிற்கிறது.
தாளை நான்காக மடித்து
மேலங்கியின் உள்பைக்குள் வைத்தான்.
தாள்கள் என்னிடம்தான் இருக்க வேண்டும், அது ஒப்பந்தம்.
நான் கேட்கவில்லை.

மஞ்சள் விளக்கு சுழன்றபடி
துறைமுகத்தைத் தாண்டிப் போனது.
கேத்தில் கோப்பைகளைக் கழுவினான்,
வேண்டியதற்கு மேலேயே கழுவினான்.
நான் தடுப்பை மடக்கினேன்.
குறிப்பேட்டின் ஓரத்தில், பாலத்துக்கு விழுந்த எண்:
இரண்டு.
பென்சிலை எடுத்து, அதன் முன்னால்
ஒன்று போட்டேன்.